காற்றுமானி ஆடியது ஏன்? பட்டறை வேலையை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். கடலூரில் பிளஸ் ஒன் படிக்கிறீர்கள். பள்ளிக் கண்காட்சிக்காக மூன்று எவர்சில்வர் குழிக்கரண்டிகளின் காம்பை வெட்டி, அலுமினியத் தட்டு ஒன்றில் ஈயத்தால் பற்றவைத்து, ஒரு பேரிங், சுழலும்போது வரும் வோல்ட்டை அளக்க ஒரு பொம்மை மோட்டார் சேர்த்து, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி செய்தீர்கள். மெல்லிய காற்றில் அது அசையவில்லை. காற்று பலத்ததும் கிடுகிடுவென்று ஆடி, ஒரு கரண்டி கழன்று பறந்தது. சுற்றிய வரைக்கும் மீட்டரில் கிடைத்த எண்ணும் செல்போனில் வந்த காற்று வேகமும் ஒத்துப்போகவில்லை. பரிசு, கடையில் சொல்லிச் செய்து வாங்கிய தெர்மோகோல் எரிமலைக்குப் போயிற்று. இப்போது ரெக்கார்டு நோட்டில் ‘இந்தச் செயல்திட்டத்தில் நான் கற்றது’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள், எழுத ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். பட்டறை வேலையை முறையாகக் கற்க ஐடிஐயில் சேர்ந்தே ஆகவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் விஷயம் ஒன்றுதான்: யோசனை சரியாக இருந்தும் பொருள் ஏன் சரியாக வரவில்லை? எரிமலையைப் பற்றி ஒரே வரி சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். கடலூரில் எரிமலை கிடையாது, காற்று நிறைய உண்டு.

ஆட்டத்துக்கும் கரண்டி கழன்றதற்கும் காரணத்தை, நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்தே உறுதியாகச் சொல்லலாம். மெல்லிய காற்றில் சுற்றாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பொருளைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்வது தவறு, ஆனால் நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். எண் பொருந்தாததைக் குறை என்றே சொல்ல மாட்டேன். பொருந்தியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். தட்டை வட்டமாக வெட்டிய பிறகு ‘நடுவைப் பார்த்து’ துளை போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அந்த வரிசையில்தான் இருக்கிறது. வட்டத்தை வெட்டிவிட்டு மையத்தைத் தேடக் கூடாது. மையத்தைக் குத்திவிட்டு அதிலிருந்து வட்டத்தை வரைய வேண்டும். தகடு இன்னும் சதுரமாக இருக்கும்போதே ஸ்கிரைபரால் (கூர்முனைக் கீறுகோல்) இரண்டு கோடு குறுக்கே கீறி, சந்திக்கும் இடத்தில் கூர்மையான பஞ்ச்சை (உலோகத்தில் குழி குத்தும் எஃகு முனை) வைத்து மெல்ல ஒரு தட்டு. குழி கோட்டுச் சந்திப்பிலேயே விழுந்ததா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். விலகியிருந்தால் பஞ்ச்சைச் சாய்த்துத் தட்டிக் குழியை இழுத்துக்கொண்டு வரலாம். பிறகு 90 டிகிரி முனையுள்ள சென்டர் பஞ்ச்சால் ஓங்கி ஒரு அடி. அந்தக் குழியில் டிவைடரின் (இரண்டு காலும் கூர்மையான கவராயம்) ஒரு காலை ஊன்றித்தான் வெளி வட்டத்தையும் கரண்டிகள் உட்காரும் உள் வட்டத்தையும் கீற வேண்டும். எல்லா அளவும் ஒரே குழியிலிருந்து கிளம்புவதால், வெளி விளிம்பைப் பிசிறோடு வெட்டினாலும் சமநிலை பெரிதாகக் கெடாது.

கரண்டிகளை 120 டிகிரிக்கு ஒன்றாகப் பிரிக்கக் கோணமானி வேண்டாம். டிவைடரை வட்டத்தின் ஆரத்திலேயே வைத்துக்கொண்டு வட்டத்தின் மேல் அடி அடியாக நடத்திச் சென்றால் ஆறாவது அடியில் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரும். ஒன்று விட்டு ஒரு புள்ளி எடுத்தால் மூன்று கை. ஆறாவது அடி புறப்பட்ட புள்ளியில் விழாமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் டிவைடர் நழுவியிருக்கிறது என்று பொருள். அந்த வட்டத்தை மறுபடி கீறுங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

மையம் இரண்டு மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். உங்கள் சுழலி, அதாவது தட்டும் கரண்டிகளும் சேர்ந்து சுழலும் பாகம், மொத்தம் 200 கிராம் இருப்பதாகவும் கரண்டிகள் அச்சிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 200 கிராம் 2 மி.மீ. தள்ளிப்போவதும், விளிம்பில் ஒரு பக்கம் 4 கிராம் கூடுதலாக ஒட்டிவைப்பதும் ஒன்றுதான். இதோடு மூன்று கரண்டிகளுக்கும் எடை வித்தியாசம் இருக்கும், ஒரே கடையில் ஒரே அளவு வாங்கினாலும் ஓரிரண்டு கிராம் மாறும். ஆக 5 கிராம் ஏற்றத்தாழ்வு என்றால், மணிக்கு 36 கி.மீ. காற்றில் சுழலி நொடிக்கு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும்போது, நிறை × ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம் என்று போட்டுப் பார்த்தால் 0.64 நியூட்டன் வரும். அதாவது 65 கிராம் எடை ஒன்று நொடிக்கு ஆறு முறை உங்கள் ஷாஃப்டை, அதாவது அச்சுக் கம்பியை, சுற்றிச் சுற்றி இழுக்கிறது. ஒரே ஒரு பேரிங்கில் நிற்கும் ஷாஃப்ட் இதைத் தாங்காது. ஒரு கதவுக்கு ஒரே கீல் போட்ட கதைதான். 608 என்ற எண்ணுள்ள பேரிங் இரண்டு வாங்கி, 60 முதல் 80 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். உள் துளை 8, வெளி விட்டம் 22, தடிமன் 7 மி.மீ.; ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருவதும் இதுதான், கிடைப்பதில் சிரமம் இல்லை.

மீதி ஏற்றத்தாழ்வைப் போக்க எளிய வழி உண்டு. எல்லாம் பூட்டிய பிறகு ஷாஃப்டைப் படுக்கவைத்துச் சுழற்றி விடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். எதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டி மறுபடி விடுங்கள். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை மெழுகைக் கூட்டிக் குறையுங்கள். அந்த மெழுகைச் சுரண்டி எடை பார்த்து, அதே எடைக்கு அதே இடத்தில் வாஷர் வைத்துத் திருகிவிட்டால் முடிந்தது. மொத்தம் அரை மணி நேர வேலை.

கரண்டி கழன்றதற்குக் காரணம் ஈயப்பற்று. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னும் ரோசின் பேஸ்ட்டும் செம்புக் கம்பிக்கு உகந்தவை. எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. ரோசினால் அதைக் கரைக்க முடியாது. அதற்கு அமிலப் பேஸ்ட் தனியாக வேண்டும். அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடோ துடைத்த கணத்திலேயே மறுபடி வந்துவிடும். ஆக, ஈயம் இரண்டின் மேலும் முத்துப்போல உட்கார்ந்திருந்ததே ஒழிய, ஒன்றிலும் ஒட்டவே இல்லை. கரண்டி 40 கிராம் என்றால் 36 கி.மீ. காற்றில் அது அரைக் கிலோ விசையோடு வெளியே இழுக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை ஒட்டிக் கரை கடந்தபோது வீசிய மணிக்கு 120 கி.மீ.க்கும் மேற்பட்ட காற்றில் இதே கரண்டியை நிறுத்தினால் இழுவிசை ஆறு கிலோவை நெருங்கும். பசையோ ஈயமோ அங்கே பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு காம்புக்கும் இரண்டு எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டும் நைலான் பூட்டுள்ள நட்டும் போடுங்கள். ஒரே போல்ட் போட்டால் அதுவே கீலாகிக் கை திரும்பிக்கொள்ளும்.

எவர்சில்வரில் துளை போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தெரியாதவர்கள் பிட்டை எரித்துவிடுவார்கள். சாதாரண இரும்பில் பிட் வழுக்கினால் இன்னும் வேகமாகச் சுற்றவிடத் தோன்றும். எவர்சில்வரில் அப்படிச் செய்தால் தேய்ந்த இடம் இறுகிக் கல்லாகிவிடும், அப்புறம் புதுப் பிட்டும் இறங்காது. 4 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்றைத் தாண்ட வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நன்றாக அழுத்தி, சுருள் வந்துகொண்டே இருக்கும்படி இறக்குங்கள். சுருள் நின்றால் உடனே பிட்டைத் தூக்கிவிடுங்கள், அங்கேயே தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அலுமினியத் தகடு வேறு ரகம். 1.5 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. பிட்டை நேராக இறக்கினால் துளை வட்டமாக வராமல் மூன்று மூலையாக வரும். அடிப்பக்கம் உடையும் நேரத்தில் பிட் தகட்டைக் கவ்விச் சுழற்றி விசிறிவிடும். அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் பூட்டி, முதலில் 3 மி.மீ. துளை, பிறகு படிப்படியாகப் பெரிதாக்குங்கள். தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடுவது மட்டும் எந்த அவசரத்திலும் கூடாது.

இன்னொன்று: 1.5 மி.மீ. தகட்டால் 8 மி.மீ. ஷாஃப்டின் மேல் செங்குத்தாக நிற்கவே முடியாது. நடுவில் சக்கரத்துக்கு இருப்பதுபோல ஒரு குடம், அதாவது தட்டை ஷாஃப்டோடு பிணைக்கும் உருளைத் துண்டு, வேண்டும். 30 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய ராடில் 20 மி.மீ. நீளம் வெட்டி, 8 மி.மீ. துளையும், ஒரு முகத்தில் 20 மி.மீ. வட்டத்தில் மூன்று எம்4 மரையும் (போல்ட் இறங்கும் திருகுப்புரி), பக்கவாட்டில் பூட்டுத் திருகுக்கு ஒரு எம்4 மரையும் போட்டு வாங்குங்கள். இது லேத் (கடைசல் இயந்திர) வேலை, வீட்டில் முயல வேண்டாம். ஷாஃப்டுக்குக் கட்டடக் கம்பி எடுக்காதீர்கள், அது உருண்டையே இல்லை. இரும்புக் கடையில் 8 மி.மீ. பிரைட் ராடு என்று கேளுங்கள். பூட்டுத் திருகு உட்காரும் இடத்தில் அரத்தால் ஒரு சிறு சமதளம் தேய்த்துவிட்டால் குடம் வழுக்காது.

மெல்லிய காற்றில் அசையாத விஷயத்துக்கு வருவோம். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கரண்டியை விரலால் சுண்டுங்கள். தாராளமாகப் பல சுற்று ஓடினால் குற்றவாளி மோட்டார். பொம்மை மோட்டாருக்குள் காந்தத்துக்கு நடுவே மூன்று துருவம் இருப்பதால், கையால் திருப்பும்போதே ‘டக் டக்’ என்று நின்று நின்று போவதை உணரலாம். மெல்லிய காற்றால் அந்த முதல் ‘டக்’கைத் தாண்ட முடியாது. தாண்டினாலும் பயன் குறைவு: 3 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் மோட்டாரை, மேலே சொன்ன 36 கி.மீ. காற்றில் வரும் 340 சுற்றில் திருப்பினால் கிடைப்பது கிட்டத்தட்ட 0.17 வோல்ட்தான். மோட்டார் இல்லாமலும் சுழலி இரண்டு சுற்றில் நின்றுவிட்டால் பேரிங்கில் உள்ள கெட்டிக் கிரீஸ் காரணம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் பட்டுப்போல ஓடும். ஆனால் கிரீஸ் போனால் உப்புக்காற்று உள்ளே வரும். தேவனாம்பட்டினம் பக்கம் மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் துரு பிடித்து இறுகிவிடும். ரப்பர் மூடி போட்ட பேரிங் துருவைத் தள்ளிப்போடும், ஆனால் மூடியே உரசிச் சுற்றைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கண்காட்சிக்கு என்றால் எண்ணெய்ப் பேரிங், வருடக்கணக்கில் மாடியில் நிற்க என்றால் மூடிய பேரிங். என் தேர்வு அப்படித்தான் இருக்கும். அலுமினியமும் எவர்சில்வரும் தொடும் இடத்தில் உப்புக்காற்று பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் நைலான் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வைத்தால் பல காலம் தள்ளலாம்.

மோட்டாரை எடுத்துவிட்டால் எண்ணுவது எப்படி? சைக்கிள் ஸ்பீடோமீட்டர். அதற்குள் இருப்பது ஒரு காந்தமும், காந்தம் கடக்கும்போது மூடித் திறக்கும் ரீட் சுவிட்சும்தான். காந்தத்தைக் குடத்தில் ஒட்டுங்கள், சுவிட்சை, பேரிங்குகளைப் பிடித்திருக்கும் அசையாத தாங்கியில் கட்டுங்கள். காந்தத்துக்கும் எதிர்ப் பக்கம் அதே எடை வைக்க வேண்டும், இல்லையென்றால் சமன்செய்ததெல்லாம் வீண். உரசல் கொஞ்சமும் கூடாது. மீட்டரில் சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீட்டரில் கேட்கும். அங்கே என்ன எண்ணைக் கொடுப்பது என்பதில்தான் உங்கள் செயல்திட்டத்தின் முழுச் சுவையும் இருக்கிறது.

கிண்ணம் காற்றின் வேகத்திலேயே ஓடாது, அதைவிட மெதுவாகத்தான் ஓடும். அயர்லாந்தின் வானியலாளர் ராபின்சன் 1846இல் நான்கு கிண்ணக் காற்றுமானியை அமைத்தபோது, கிண்ணம் எவ்வளவு பெரிதானாலும் கை எவ்வளவு நீளமானாலும் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடும் என்று நம்பினார். பின்னால் சோதித்தவர்கள் அது சரியில்லை என்று கண்டார்கள். காற்றின் வேகம் கிண்ணத்தின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம் கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து இரண்டுக்கும் மூன்றுக்கும் சற்று மேலுக்கும் இடையே மாறுகிறது. 1926இல் கனடாவின் பாட்டர்சன் மூன்று கிண்ண வடிவத்தைக் கொண்டுவந்தார்; உங்கள் கரண்டிகள் அந்த வம்சம். ஆகவே உங்கள் கருவியின் விகிதத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்க முடியாது, நீங்களேதான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்துக்கு 2.8 என்று வையுங்கள். கரண்டி மையம் 100 மி.மீ. ஆரத்தில் என்றால் சுற்றுப்பாதை 628 மி.மீ.; அதை 2.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1760. மீட்டரில் 1760 என்று கொடுத்தால் அது காற்று வேகத்தையே மணிக்குக் கிலோமீட்டரில் நேரடியாகக் காட்டும்.

விகிதத்தைச் சரிபார்க்க, காற்றே இல்லாத அதிகாலையில் பெரியவர் ஒருவர் ஓட்டும் காரில், கூரைக்கு மேல் ஒரு மீட்டராவது உயரும்படி மரக்கம்பில் கருவியைக் கட்டி, ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலையில் 20, 30, 40 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது செல்போன் ஜிபிஎஸ் வேகத்தோடு, காரின் ஸ்பீடோமீட்டரோடு அல்ல. அது பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒவ்வொரு வேகத்திலும் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை எழுதிச் சராசரி எடுங்கள், இருக்கிற சிறு காற்றும் கழிந்துவிடும். கூரையை ஒட்டிக் கட்டினால் காரே காற்றைத் தள்ளிவிடுவதால் அளவு பொய்யாகும். வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும், ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. கோடு அச்சை வெட்டும் இடம், உங்கள் கருவி அசையத் தொடங்க எவ்வளவு காற்று வேண்டும் என்று காட்டும். இதில் கிடைக்கும் விகிதம் 40 கி.மீ. வரைக்கும் நம்பத்தக்கது. 120 கி.மீ. புயலுக்கும் அதே விகிதம் பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள், அது அளந்ததல்ல, ஊகம்.

செல்போனில் வரும் எண்ணோடு ஒப்பிட்டது வீண், காரணம் இதுதான். வானிலைத் துறையினர் காற்றை அளப்பது திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். செயலிகள் காட்டுவதோ பெரும்பாலும் ஒரு பெரிய பரப்புக்குக் கணினி போட்ட கணக்கு. உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டு வேப்பமரமும் காற்றை மறிக்கின்றன. இரண்டும் வேறு வேறு காற்று.

இனி ரெக்கார்டுக்கு வருகிறேன். மேலே சொன்னதில் பாதி உங்களுக்கு நேர்ந்தவைதான். ‘கடின உழைப்பையும் கூட்டு முயற்சியையும் கற்றேன்’ என்று எழுதினால் எந்தத் தேர்வாளரும் புரட்டிவிட்டுப் போய்விடுவார். ‘மையத் துளை 2 மி.மீ. விலகியிருந்தது, வட்டத்தை வெட்டிய பிறகு மையத்தைத் தேடியது காரணம், அடுத்த முறை மையத்திலிருந்து வரைவேன்’ என்று எழுதுங்கள். கோணல் துளையுள்ள அந்தத் தட்டைத் தூக்கிப் போடாமல், அளவை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வாய்மொழித் தேர்வுக்கு எடுத்துப்போங்கள். குறையை அளந்து காட்டுகிறவரிடம் கேள்வி கேட்பவருக்குத்தான் வேலை குறைகிறது.

பட்டறை வேலை கற்பது பற்றி. லேத், வெல்டிங் என்று பெரிய மெஷின்களைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். கை பழகுவது அரத்தில். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமனுள்ள இரும்புப் பட்டையில் 52 மி.மீ. நீளம் ஆக்ஸா பிளேடால் வெட்டி, அதை 50க்கு 50 சதுரமாக அரத்தால் கொண்டுவாருங்கள். ஐடிஐ ஃபிட்டர் பிரிவில் ஆரம்ப வாரங்களில் செய்யவைப்பதும் இந்த மாதிரி வேலையைத்தான். முதல் துண்டில் அளவு அரை மில்லிமீட்டருக்குள் வந்தாலே போதும், மூன்றாவது நாலாவது துண்டில் 0.2க்குள் வர வேண்டும். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கை எங்கே பொய் சொல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேலை வேறில்லை.

ஆக்ஸா பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும், வெட்டுவது தள்ளும்போது மட்டும். எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம், ஆகவே 3 மி.மீ.க்கு மெலிந்த தகட்டை அதில் வெட்டினால் பல் உடையும். தகட்டை இரண்டு மரப்பலகைக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, மரத்தோடு சேர்த்து வெட்டினால் பிரச்சினை இல்லை. நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது தள்ளல் போதும். பிளேடின் முழு நீளமும் ஓட வேண்டும், நடுவில் மட்டும் தேய்த்தால் அங்கே மட்டும் மழுங்கும்.

அரம் பிடிப்பதில் எல்லாருக்கும் வருவது ஒரே குறை: முகம் தட்டையாக வராமல் முதுகு போலக் குவிந்துவிடும். காரணம் நெம்புகோல். தள்ளத் தொடங்கும்போது அரத்தின் பெரும்பகுதி உங்கள் பக்கம் இருக்கிறது, அதனால் முனையைப் பிடித்த இடக்கை அழுத்த வேண்டும். பாதியில் இரண்டு கையும் சமம். முடிவில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் போய்விடுவதால் வலக்கை அழுத்தி, இடக்கை தளர வேண்டும். இந்தக் கைமாற்றம் தானாக வரும்வரை ஊஞ்சல் ஆடிக்கொண்டுதான் இருக்கும். வைஸின் மேல்மட்டம் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும், இடக்கால் முன்னே, அசைவு தோளிலிருந்து. பத்துத் தள்ளலுக்கு ஒரு முறை மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், ஒளி கசிகிற இடம் பள்ளம். அலுமினியம் தேய்த்தால் துகள் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டு அடுத்த தள்ளலில் கீறல் போடும். முன்கூட்டியே அரத்தில் சாக்கட்டி தேய்த்துவிட்டால் அடைப்பு குறையும். கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடாதீர்கள், அந்தக் கூர்வால் உள்ளங்கைக்குள் இறங்கிவிடும்.

சதுரம் வந்த பிறகு அதே துண்டில் துளையும் மரையும். எம்4 மரைக்கு 3.3 மி.மீ. துளை, எம்5க்கு 4.2. டேப் (மரை வெட்டும் கருவி) செங்குத்தாக இறங்குகிறதா என்று முதல் இரண்டு சுற்றிலேயே மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு திருத்தினால் டேப் உடையும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, சுருள் உடையட்டும். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். உடைந்த டேப்பை வெளியே எடுப்பது புதுத் துண்டு செய்வதைவிடக் கஷ்டம்.

எங்கே கற்பது என்றால், இவ்வளவுக்கும் ஐடிஐ கட்டாயமில்லை. ஒரு வைஸ், இரண்டு அரம், ஆக்ஸா, மூலைமட்டம், பஞ்ச், வெர்னியர் இருந்தால் வீட்டுத் திண்ணையே போதும். லேத் வேலைக்கு ஒரு பட்டறையை நாட வேண்டும். முதுநகர் துறைமுகப் பக்கம் படகு வேலை செய்யும் பட்டறைகளிலோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ கேட்கலாம். வாயால் ‘ஒரு குடம் மாதிரி’ என்று சொல்லாமல், அளவு போட்ட வரைபடத்தையும் பேரிங்கையும் கையோடு எடுத்துப்போங்கள். தாங்கியில் பேரிங் உட்காரும் துளை 22.1 மி.மீ. வந்தால் பேரிங் ஆடும் என்பதால், பேரிங்கை வைத்துப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். தாங்கிக்குள் அதை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் தட்ட வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் பதிந்து கரகரவென்று சத்தம் வரும். கூட்டமில்லாத நேரத்தில் போய், பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான டர்னர்கள் (லேத் ஓட்டுபவர்கள்) ஆர்வமாகக் கேட்பவரிடம் முகம் சுளிப்பதில்லை.

பொழுதுபோக்குக்கு இல்லை, தொழிலாகவே வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஃபிட்டர் பிரிவு பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பின் இரண்டு வருடம், பெண்களும் சேரலாம். முடித்தவர்கள் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு நெய்வேலி என்எல்சி போன்ற இடங்களில் விண்ணப்பிக்கலாம், டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டும் சேரலாம். ஆனால் பிளஸ் ஒன்னை நடுவில் விட்டுவிட்டு இப்போதே போவதா என்று கேட்டால், பிளஸ் டூ கணிதம், இயற்பியலோடு முடித்தாலும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்கு வழி இருப்பதால், அவசரப்படத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம்தான், வீட்டு நிலைமை தெரிந்தவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

துளை போடும்போது துப்பட்டா கூடாது, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை பாதுகாப்பு என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். சுழலும் பிட் அதன் நூலைப் பிடித்தால் விரலோடு இழுத்துக்கொள்ளும்.

புதிய காற்றுமானியை மாடியில் நிறுத்தும்போது அடித் தாங்கியை நிரந்தரமாகப் பூட்டி, சுழலியை மட்டும் ஒரே போல்ட்டில் கழற்றும்படி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய செய்தி வந்தால், காற்று தொடங்கும் முன்பே அந்தப் போல்ட்டைக் கழற்றிச் சுழலியை வீட்டுக்குள் எடுத்துவிடலாம்.